‘வாட்டர்ஷெட்’ எனும் ஆங்கிலத் தொகைச்சொல்லின் பொருட்பரப்பும் தமிழ்க் கலைச்சொல்லாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் ‘வாட்டர்ஷெட்’ என்னும் தொகைச்சொல் இரு ஆற்று நீரோட்டங்களைப் பிரிக்கும் கோட்டையும், ஓர் ஆற்றுக்கு நீர்தரும் நிலப்பரப்பையும், வரலாற்றில் முன்னையதைப் பின்னையதிலிருந்து வேறுபடுத்தும் காலப்புள்ளியையும் குறிக்கிறது. கோட்டைக் குறித்த சொல் பரப்பையும் காலத்தையும் குறிக்க நேர்ந்தமைக்கு, அச்சொல்லின் இரண்டாம் உறுப்பு பொருள் விளங்காமற் போனதே காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தமிழின் தொகை இலக்கணக் கோட்பாட்டின் துணையுடன் இம்மாற்றத்தை விளக்கி, தமிழில் வழங்கும் ஈடான கலைச்சொற்களை மதிப்பிட்டு, கோட்டிற்கும் பரப்பிற்கும் வெவ்வேறு சொற்களை உறுதியாக ஆளவேண்டியதன் தேவையை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: தொகைச்சொல், அன்மொழித்தொகை, ஆகுபெயர், கலைச்சொல்லாக்கம், நீர்ப்பிரிமேடு, நீர்வடிப்பகுதி, நீர்வகிடு.

முன்னுரை

பிறமொழிக் கலைச்சொல்லைத் தமிழாக்குவோர் முதலில் அச்சொல்லின் பொருளை வரையறுத்துக்கொள்வர்; பின்னரே அதற்கேற்ற தமிழ்ச்சொல்லைத் தேடுவர். ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே உண்டு என்று கொள்ளுமிடத்து இம்முறை இடர்ப்பாடு தருவதில்லை. ஒரே சொல் தன் வரலாற்றில் ஒன்றுக்கொன்று மாறான பொருள்களை ஏற்றிருக்குமாயின், அகராதியின் ஒரு பதிவைமட்டும் பார்த்து ஆக்கப்படும் தமிழ்ச்சொல் பிழைபட்ட வாக்கியங்களுக்கு இடந்தரும்.

‘வாட்டர்ஷெட்’ அத்தகைய சொல். புவியியல் பாடநூல், வேளாண்துறை அறிக்கை, நாட்டெல்லை உடன்படிக்கை, இலக்கிய வரலாறு ஆகிய நான்கிலும் இச்சொல் வருகிறது. நான்கிலும் ஒரே பொருளில் வருவதில்லை. “இரு நாடுகளின் எல்லை வாட்டர்ஷெட்டை ஒட்டிச் செல்கிறது” என்னும் தொடரையும், “இந்த வாட்டர்ஷெட்டின் பரப்பு 500 ஹெக்டேர்” என்னும் தொடரையும் ஒரே தமிழ்ச்சொல்லால் பெயர்த்தால் இரண்டில் ஒன்று பொருளற்றதாகும். கோட்டிற்குப் பரப்பளவு இல்லை. பரப்பு எல்லைக்கோடாக இயலாது. ஆகவே இச்சொல்லின் உறுப்புகள், பொருள்மாற்றம், தமிழாக்கம் ஆகியவற்றை முறையே நோக்குதல் தேவையாகிறது.

1. சொல்லின் உறுப்புகள்

இத்தொகையின் முதலுறுப்பான ‘வாட்டர்’ நீரைக் குறிப்பது வெளிப்படை. இரண்டாம் உறுப்பான ‘ஷெட்’ ஆய்வுக்குரியது. தமிழ்ப் பேச்சுவழக்கில் ஷெட் என்பது கொட்டகையைக் குறிக்கும் கடன்சொல்லாக நிலைத்துவிட்டது. கொட்டகையைக் குறிக்கும் அவ்வாங்கிலச் சொல் நிழலைக் குறிக்கும் ‘ஷேட்’ என்பதன் திரிபாகக் கருதப்படுவது. நீரோடு சேர்ந்த ‘ஷெட்’டுக்கும் அதற்கும் உறவில்லை. இது, பிரித்தல் எனப் பொருள்படும் பழைய ஆங்கில வினையின் வழிவந்தது. ஒலியால் ஒன்றாகவும் பொருளால் வேறாகவும் நிற்கும் இவ்விரண்டும் தமிழ் மரபு கூறும் பலபொருள் ஒருசொல்லின்பாற் படுவன.

பிரித்தல் என்னும் பழம்பொருள் இன்றைய பொது ஆங்கிலத்தில் மங்கிவிட்டது. ஆயினும் அதன் சுவடுகள் இரண்டிடங்களில் எஞ்சியுள்ளன. ஸ்காத்லாந்து வழக்கில் தலைமயிரை இருபுறமாகப் பிரிக்கும் வகிட்டுக்கு ‘ஷெட்’ என்னும் பெயர் உண்டு. நெசவுத் தொழிலில், பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து ஊடை செல்வதற்கு இடம்விடும் திறப்புக்கும் அதுவே பெயர். இரண்டிலும் ஒன்றாயிருந்தது இரண்டாகப் பிரியும் இடமே சுட்டப்படுகிறது.

பொது வழக்கில் அவ்வினை வேறு திசையில் சென்றது. பிரித்தல் என்பது தன்னிலிருந்து பிரித்துவிடுதலாகி, உதிர்த்தல், சொரிதல், சிந்துதல் என விரிந்தது. மரம் இலையை உதிர்ப்பதும் கண் நீரைச் சொரிவதும் இன்று இவ்வினையாலேயே குறிக்கப்படுகின்றன. குருதி சிந்துதலைக் குறிக்கும் ‘பிளட்ஷெட்’ என்னும் தொகையில் இப்பிற்காலப் பொருளே உள்ளது. ஆக, ‘வாட்டர்ஷெட்’, ‘பிளட்ஷெட்’ ஆகிய இரு தொகைகளும் வடிவில் ஒத்திருப்பினும், முன்னதில் ‘பிரிவு’ என்னும் பழம்பொருளும் பின்னதில் ‘சிந்துதல்’ என்னும் புதுப்பொருளும் அமைந்துள்ளன.

‘வாட்டர்ஷெட்’ ஆங்கிலத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்குப் பெற்றது. நீரையும் பிரிவையும் குறிக்கும் உறுப்புகளால் ஆன ‘வாசர்ஷைடே’ என்னும் ஜெர்மன் தொகையைப் பின்பற்றி இஃது ஆக்கப்பட்டது என்பது சொற்பிறப்பியலார் பலர் கருத்து. ஜெர்மன் மொழியில் அவ்விரண்டாம் உறுப்பின் வினை இன்றும் பிரிதற்பொருளில் வழங்குகிறது. மணமுறிவைக் குறிக்கும் சொல்லும் அதனடியாகப் பிறந்ததே. ஆங்கிலத்திலோ கடன்பெற்ற காலத்திலேயே அப்பொருள் பொதுமக்களுக்கு எட்டாததாகிவிட்டது. இவ்வேறுபாடு பின்னர் நிகழ்ந்த பொருள்மாற்றத்திற்கு அடிப்படை.

2. கோடு என்னும் பொருள்

இச்சொல்லின் முதற்பொருள், அடுத்தடுத்த இரு ஆற்றுத் தொகுதிகளின் நீரோட்டங்களைப் பிரிக்கும் கோடு என்பது. அக்கோட்டின் ஒருபுறம் விழும் மழைநீர் ஓர் ஆற்றையும் மறுபுறம் விழும் மழைநீர் வேறோர் ஆற்றையும் அடையும். பிரித்தானிய ஆங்கிலத்தில் இப்பொருளே நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தது. மயக்கத்தைத் தவிர்க்க விரும்பியோர் ‘வாட்டர்-பார்ட்டிங்’ என்னும் மாற்றுத்தொகையை ஆண்டனர். அதில் பிரிதற்பொருள் வெளிப்படையாக நிற்கிறது.

இச்சொல்தேர்வுக்குச் சான்றாக 1890ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று கல்கத்தாவில் கையெழுத்தான சிக்கிம்–திபெத் எல்லை உடன்படிக்கையைக் காட்டலாம். டீஸ்டா ஆற்றுக்கும் அதன் துணையாறுகளுக்கும் செல்லும் நீரைத் திபெத்தின் மோச்சு ஆற்றுக்குச் செல்லும் நீரிலிருந்து பிரிக்கும் மலைமுகடு எல்லையாக அதில் வரையறுக்கப்பட்டது. அக்கோட்டை மீண்டும் சுட்டுமிடத்து ‘வாட்டர்-பார்ட்டிங்’ என்னும் தொகையே ஆளப்பட்டது. எல்லை தொடங்குமிடமாக கிப்மோச்சி மலை பெயர்சுட்டிக் கூறப்பட்டது. குறித்த மலையை முதன்மையாகக் கொள்வதா, நீர்பிரியும் கோட்டை முதன்மையாகக் கொள்வதா என்னும் வேறுபாடு 2017ஆம் ஆண்டு டோக்லாம் பூசலின்போது மீண்டும் வாதப்பொருளாயிற்று.

இதனை ஒத்த சிக்கல் தென் அமெரிக்காவிலும் நிகழ்ந்தது. அர்ஜென்டினாவும் சிலியும் 1881இல் செய்துகொண்ட உடன்படிக்கை, ஆண்டிஸ் மலைத்தொடரில் நீரைப் பிரிக்கும் மிக உயர்ந்த சிகரங்களை எல்லையாகக் கொண்டது. உயர்ந்த சிகரங்களே நீரையும் பிரிக்கும் என்னும் எதிர்பார்ப்பு அவ்வரையறையில் மறைந்திருந்தது. பட்டகோனியாப் பகுதியில் உயர்ந்த சிகரங்களின் வரிசை ஓரிடத்திலும் நீர்பிரியும் கோடு வேறோரிடத்திலும் அமைந்திருந்தமையால் பூசல் எழுந்தது. 1902இல் பிரித்தானிய மன்னர் ஏழாம் எட்வர்டின் நடுவர் தீர்ப்பால் அதற்குத் தீர்வு காணப்பட்டது.

நீர்பிரியும் கோடு உயரமான மலையில்தான் அமையவேண்டும் என்பதில்லை என்னும் உண்மையை இச்சான்று காட்டுகிறது. இந்தியாவில் சிந்து, கங்கை ஆற்றுத் தொகுதிகளைப் பிரிக்கும் கோடு அம்பாலாவை ஒட்டிய சமவெளியில் செல்கிறது. கண்ணுக்குப் புலப்படும் மலையரண் எதுவும் அங்கில்லை. தமிழ்க் கலைச்சொற்களை மதிப்பிடுமிடத்து இவ்வுண்மை மீண்டும் பயன்படும்.

3. பரப்பு என்னும் பொருள்

அமெரிக்க ஆங்கிலத்தில் இச்சொல் கோட்டைக் கடந்து, அக்கோட்டால் சூழப்பட்டு ஓர் ஆற்றுக்கோ ஓடைக்கோ நீர்தரும் முழு நிலப்பரப்பையும் குறிப்பதாயிற்று. இன்று அங்கு இதுவே பெருவழக்கு. முதற்பொருளாகிய கோட்டைக் குறிக்க ‘டிவைட்’ எனும் வேறு சொல் ஆளப்படுகிறது.

இந்திய அரசின் திட்ட வழக்கு இப்பொருளையே ஏற்றது. மானாவாரிப் பகுதிகளுக்கான தேசிய வாட்டர்ஷெட் மேம்பாட்டுத் திட்டம் 1990–91இல் தொடங்கப்பட்டது. ஹனுமந்த ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையை அடுத்து வந்த, 1995 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வழிகாட்டு நெறிகள், ஏறத்தாழ 500 ஹெக்டேர் பரப்பை ஒரு திட்ட அலகாகக் கொண்டன. 2009–10 முதல் ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டமாக இவை தொகுக்கப்பட்டன. பரப்பைக் கணக்கிட்டு, நிதி ஒதுக்கி, தடுப்பணையும் சமவரப்பும் அமைக்கும் இத்திட்டங்களில் ‘வாட்டர்ஷெட்’ ஒரு நிலப்பகுதியே ஆகும். கோடாக அதனைக் கொள்ள இடமில்லை.

ஆக, ஓர் இந்திய மாணவர் புவியியல் வகுப்பில் இச்சொல்லைக் கோடாகவும் வேளாண் வகுப்பில் பரப்பாகவும் கற்கும் நிலை உருவாயிற்று.

4. காலம் என்னும் பொருள்

மலைமுகட்டின் இருபுறமும் நீர் எதிரெதிர்த் திசைகளில் ஓடுவதைப் போல, ஒரு நிகழ்வுக்கு முன்னும் பின்னும் வாழ்க்கையோ வரலாறோ வேறுபட்டுச் செல்லுமாயின், அந்நிகழ்வும் ‘வாட்டர்ஷெட்’ எனப்படும். இஃது உவமையடியாகப் பிறந்த பொருள். பிரித்தானியத் தொலைக்காட்சி ஒழுங்குமுறையில் இப்பொருள் மேலும் குறுகி, சிறுவர்க்கு ஒவ்வாத நிகழ்ச்சிகளை ஒளிபரப்பத் தொடங்கத்தக்க இரவு 9 மணி வரம்பைக் குறிக்கிறது. அக்கட்டுத்தளர்வு மறுநாள் காலை 5.30 மணிவரை செல்லும்.

இப்பொருள் பரப்பினின்று பிறவாமல் கோட்டினின்றே பிறந்தது என்பது கருதத்தக்கது. இதற்குத் தமிழில் ‘திருப்புமுனை’ என்னும் சொல் பரவலாக ஆளப்படுகிறது. திருப்புமுனை என்பது செல்லும் ஒரே வழி வளையும் இடம். ‘வாட்டர்ஷெட்’ முன்னும் பின்னுமாகிய இரு சரிவுகளைச் சுட்டுவது. சி. வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்த 1887ஆம் ஆண்டைத் தமிழ் இலக்கிய வரலாற்றுக்குத் திருப்புமுனை எனலாம். ஆயினும் அவற்றையும், அடுத்து வந்த பத்துப்பாட்டு (1889), புறநானூறு (1894) ஆகிய பதிப்புகளையும் கண்ட தலைமுறையும் காணாத தலைமுறையும் தமிழின் பழமையை வெவ்வேறாக எண்ணின என்று கூறவருமிடத்து, முன்–பின் வேறுபாட்டை அழுத்தும் ‘காலப் பிரிகோடு’ போன்ற தொடரே நெருங்கிய ஈடாகும்.

5. தொகை இலக்கண நோக்கில் பொருள்மாற்றம்

தொகைச்சொல்லில் பொருள் சிறக்கும் இடத்தைத் தொல்காப்பியம் எச்சவியலிலும் நன்னூல் பொதுவியலிலும் நான்காக வகுத்துள்ளன. முன்மொழியில் சிறத்தல், பின்மொழியில் சிறத்தல், இருமொழியிலும் சிறத்தல், அவ்விரண்டும் அல்லாத பிறமொழியில் சிறத்தல் என்பன அவை. இவ்வகைப்பாட்டை ‘வாட்டர்ஷெட்’டுக்குப் பொருத்தினால் அதன் பொருள்மாற்றம் தெளிவுபெறும்.

கோட்டைக் குறிக்குமிடத்து இத்தொகை பின்மொழியில் பொருள் சிறந்தது. ‘நீரினது பிரிவு’ என விரித்து ஆறாம் வேற்றுமைத் தொகையாகக் கொள்ளலாம்; பிரிவே தலைமைச் சொல். இரண்டாம் உறுப்பின் பழம்பொருள் மறைந்து, ‘சொரிதல்’ என்னும் புதுப்பொருள் அவ்விடத்தில் உணரப்பட்டபோது தொகையின் அமைப்பே மாறிற்று. நீர், சொரிதல் என்னும் இரண்டும் பரப்பைக் குறிப்பன அல்ல. ‘நீரைச் சொரிவதாகிய நிலம்’ என்று விரிக்கையில் நிலம் என்பது தொகைக்குப் புறத்தே நிற்கிறது. பொற்றொடி என்பது தொடியைக் குறியாது அதனை அணிந்தாளைக் குறித்தலைப் போல, நீர்சொரிவு என்பது நீரைச் சொரியும் நிலத்தைக் குறிக்கிறது. எனவே பரப்புப் பொருளில் இஃது அன்மொழித்தொகைத் தன்மையது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். கோட்டின் பெயர் கோட்டால் சூழப்பட்ட இடத்துக்கு ஆகிவந்தது எனக் கொண்டு இதனை ஆகுபெயர் என்றே அமைக்கலாகாதா என்பது அது. தமிழிலும் இத்தகைய ஆக்கம் உண்டு. வேலி என்னும் சொல் நிலத்தைச் சூழ்ந்த அடைப்பையும், 20 மா கொண்ட நில அளவையும் குறிக்கிறது. எல்லை என்பதும் வரம்பையும் வரம்புக்குட்பட்ட இடத்தையும் ஒருங்கே சுட்டும். அன்மொழித்தொகையையும் ஆகுபெயரையும் வேறுபடுத்துவது குறித்து உரையாசிரியரிடையே நெடிய விவாதம் நிகழ்ந்திருப்பதும் அறியத்தக்கது. ஆயினும் ஆகுபெயர் விளக்கம் ஒன்றே போதுமாயின், கோட்டுப்பொருளைத் தெளிவாகக் கொண்ட பிறமொழிகளிலும் அதே மாற்றம் நிகழ்ந்திருத்தல் வேண்டும். ஜெர்மன் மொழியில் ‘வாசர்ஷைடே’ கோடாகவே நின்றுவிட்டது. பரப்புக்கு வேறு சொல் அமைந்தது. பிரெஞ்சு மொழியிலும் கோடு ‘நீரைப் பகுக்கும் கோடு’ எனவும், பரப்பு ‘சொரியும் படுகை’ எனவும் பொருள்படும் இருவேறு தொடர்களால் வழங்குகின்றன. பிரிதற்பொருள் விளங்கி நின்ற மொழிகளில் சொல் இடம்பெயரவில்லை. அது விளங்காமற் போன ஆங்கிலத்தில் பெயர்ந்தது. ஆகுபெயர் வழி திறந்திருந்தாலும், அவ்வழியே சொல்லைச் செலுத்தியது இரண்டாம் உறுப்பின் பொருள் மறைவே எனக் கொள்ளுதல் பொருந்தும்.

6. தமிழ்க் கலைச்சொற்கள்: மதிப்பீடு

‘வாட்டர்ஷெட்’டுக்கு ஈடாகத் தமிழில் வழங்குவனவற்றுள் நீர்ப்பிரிமேடு, நீர்வடிப்பகுதி, நீர்ப்பிடிப்புப் பகுதி, வடிநிலம் ஆகியனவும், இலங்கைத் தமிழில் வழங்கும் நீரேந்து பிரதேசம் என்பதும் குறிப்பிடத்தக்கவை. இவை அனைத்திலும் ஒரு பொதுமை உண்டு. மேடு, பகுதி, நிலம், பிரதேசம் எனத் தலைமைப்பொருளை உணர்த்தும் சொல் இறுதியில் வெளிப்பட நிற்கிறது. ஆங்கிலத் தொகை கூறாது விட்ட நிலத்தைத் தமிழாக்கம் கூறிவிடுகிறது. பின்மொழியில் பொருள் சிறக்கும் இவ்வமைப்பு, சொல் ஒரு பொருளினின்று மற்றொன்றுக்கு நழுவாமல் காக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல் ஏற்ற இரு பொருள்களுக்குத் தமிழில் இரு சொற்கள் தோன்றியிருப்பதைக் குறையாகக் கருதவேண்டியதில்லை. அது தெளிவுக்கு வாய்ப்பாகும். அவற்றை இடமறிந்து ஆளாதபோதே குறை நேர்கிறது.

பரப்பைக் குறிக்கும் சொற்களுள் நோக்குநிலை வேறுபாடு உள்ளது. ‘பிடிப்பு’, ‘ஏந்து’ என்பன மழைநீரைப் பெற்றுக்கொள்ளும் நிலைக்களத்தைச் சுட்டுவன. ஏரிப் பாசன வழக்கோடு இசைந்தவை. ‘வடி’ என்பது நீர் நிலத்தைவிட்டு நீங்கும் நிலையைச் சுட்டுவது. ஆங்கிலத்தில் ‘கேட்ச்மென்ட்’, ‘வாட்டர்ஷெட்’ என்பவற்றிடையே உள்ள வேறுபாட்டிற்கு இது நேரொத்தது. ‘தமிழ்நாடு நீர்வடிப்பகுதி மேம்பாட்டு முகமை’ என்னும் பெயரில் நிலைபெற்றிருப்பதால், பரப்புப் பொருளுக்கு நீர்வடிப்பகுதி என்பதையே கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. இதன் புணர்ச்சி குறித்து ஒரு கருத்து உண்டு. வினைத்தொகையில் வல்லெழுத்து மிகாது என்னும் விதிப்படி ‘வடிபகுதி’ என்றன்றோ வரவேண்டும் எனலாம். ‘வடி’ என்பதை முதனிலைத் தொழிற்பெயராகக் கொண்டு, ‘நீர்வடிதற்குரிய பகுதி’ என வேற்றுமைத் தொகையாக விரித்தால் ‘நீர்வடிப்பகுதி’ என்னும் வடிவம் அமையும். வடிநிலம் என்பது வினைத்தொகை. முக்காலத்திற்கும் பொதுவாய் நிற்றலால் இடையறாத இயற்கை நிகழ்வைக் குறிக்கத் தகுதியுடையது. ஆற்றின் முழுப்பரப்பைக் குறிக்க வடிநிலத்தையும், சிற்றோடை அளவிலான திட்டப்பரப்பைக் குறிக்க நீர்வடிப்பகுதியையும் ஆளலாம்.

கோட்டைக் குறிக்கும் ‘நீர்ப்பிரிமேடு’ பொருள் விளங்குவது. பாடநூல் வழக்குக்கு எளியது. எனினும் மேடு என்னும் தலைமைச்சொல் இருவகையில் இடர்தருகிறது. ஒன்று, மேடு என்பது அகலமுடைய நிலம்; குறிக்கப்படுவதோ கோடு. மற்றொன்று, அம்பாலாவில் போல மேடு புலப்படாத இடத்திலும் நீர் பிரிகிறது. இவ்விடர்ப்பாடுகளை நீக்க ‘நீர்வகிடு’ என்னும் சொல் கருதத்தக்கது. வகிடு என்பது வகுத்தல், வகிர்தல் என்பவற்றோடு உறவுடைய வழக்குச்சொல். இரு புறமும் மயிர் சரிய நடுவே நிற்கும் கோட்டைக் குறிப்பது. ஆங்கில மூலத்தின் ‘ஷெட்’டும் ஒரு வட்டார வழக்கில் தலைவகிட்டையே குறித்தது என்பது இவ்வாக்கத்திற்கு வலுச்சேர்க்கிறது. இச்சொல் உயரத்தைப் பற்றி எதுவும் கூறாது. பிரிவை மட்டும் கூறும்.

7. வேறுபாடு வேண்டப்படும் இடம்

கோட்டையும் பரப்பையும் வேறுபடுத்தும் தேவை மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில் நன்கு புலனாகும். மாநில எல்லையும் நீர்வகிடும் ஒன்றே என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அது முழுவதும் உண்மையன்று. ஆனைமலையில் தோன்றும் ஆழியாறு பொள்ளாச்சிப் பகுதி வழியாகக் கேரளத்துக்குச் சென்று பாரதப்புழையோடு சேர்கிறது. அதே கோயம்புத்தூர் மாவட்டத்தின் நொய்யல் கிழக்கே சென்று காவிரியை அடைகிறது. ஒரே மாவட்டத்துக்குள் அரபிக் கடலுக்கும் வங்கக் கடலுக்கும் நீர் பிரிகிறது. மறுதலையாக, கேரள நிலத்தில் ஓடும் கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்றும் கிழக்கு நோக்கிச் சென்று காவிரி வடிநிலத்தைச் சேர்கின்றன. “பொள்ளாச்சியின் ஒரு பகுதி பாரதப்புழையின் வடிநிலத்தில் உள்ளது, நீர்வகிடு மாநில எல்லைக்குக் கிழக்கே செல்கிறது” என்னும் செய்தியை இரு சொற்கள் இருந்தால்தான் மயக்கமின்றிக் கூறமுடியும்.

பெரியாறு அணை மற்றொரு சான்று. 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று 999 ஆண்டுகளுக்குச் செய்யப்பட்ட குத்தகை உடன்படிக்கையின்படி கட்டப்பட்டு 1895இல் நிறைவுற்ற அவ்வணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கவழியே வைகை வடிநிலத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. அச்சுரங்கம் கடப்பது நீர்வகிட்டை. நீர் வருவது பெரியாற்றின் வடிநிலத்திலிருந்து. சேர்வது வைகையின் வடிநிலத்தில். இம்மூன்றையும் ஆங்கிலத்தில் ‘வாட்டர்ஷெட்’ என்னும் ஒரே சொல்லால் கூறிவிடலாம். தமிழில் அவ்வாறு கூறுவது, நீரைப் பற்றிய உரிமையும் கடமையும் பேசப்படும் ஆவணத்தில் எது கோடு, எது நிலம் என்னும் ஐயத்தைத் தோற்றுவிக்கும்.

முடிவுரை

‘வாட்டர்ஷெட்’ எனும் சொல்லில் இரண்டாம் உறுப்பின் பிரிதற்பொருள் ஆங்கிலத்தில் மறைந்தமையால், பின்மொழியில் பொருள் சிறந்த தொகை அன்மொழித்தொகைத் தன்மை பெற்று, கோட்டினின்று பரப்புக்கு இடம்பெயர்ந்தது. காலப்பொருள் கோட்டுப்பொருளின் உவமை விரிவாகும். தமிழ் ஆக்கங்கள் தலைமைப்பொருளை வெளிப்படக் கூறும் இயல்புடையன ஆதலின், இம்மயக்கத்தைத் தவிர்க்கும் ஆற்றல் அவற்றில் இயல்பாகவே உள்ளது.

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் பரிந்துரைகள் வருமாறு: கோட்டுப்பொருளுக்கு நீர்வகிடு அல்லது வழக்கிலுள்ள நீர்ப்பிரிமேடு, திட்டப்பரப்புக்கு நீர்வடிப்பகுதி, ஆற்றின் முழுப்பரப்புக்கு வடிநிலம், ஏரி, நீர்த்தேக்கம் ஆகியவற்றை நோக்கிய வழக்கில் நீர்ப்பிடிப்புப் பகுதி, வரலாற்றுப் பொருளுக்கு இடத்திற்கேற்பத் திருப்புமுனை அல்லது காலப் பிரிகோடு. கலைச்சொல் அகராதிகள் இச்சொல்லுக்கு ஒரே ஈட்டைத் தருவதை விடுத்து, பொருள்வாரியாக எண்ணிட்டுத் தனித்தனி ஈடுகளைத் தருதல் வேண்டும். தொகைச்சொல்லைத் தமிழாக்குமுன் அதன் பொருள் எவ்வுறுப்பில் தங்கியுள்ளது, அல்லது எவ்வுறுப்பிலும் தங்காது புறத்தே நிற்கிறதா என்று வினவும் பழைய இலக்கண முறை, இன்றைய கலைச்சொல்லாக்கத்திற்கும் உரிய ஆய்வுக் கருவியாகும்.